இரண்டு மான்களும் ஒரு கட்டிலும்

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றே கண்ணயரலாம் என்று சாய்ந்தபோது உன் மகள் வந்தாள். இடுப்பில் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் சாக்குத்துணியில் சுற்றிய ஏதோ ஒன்றைத் தூக்கி வந்தாள். "மாமா, எங்கப்பா பெட்டியில இருந்துது. அடுப்புல போடலாம்னுதான் எடுத்தேன். மான் படம் செதுக்கியிருந்துது, மனசு வரல" என்றாள். சாக்கைப் பிரிப்பதற்குள் ஆளிவிதை எண்ணெய் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. முப்பது வருஷமாகியும் போகாத வாசனை. கையில் எடுத்துப் பார்த்தேன். துப்பாக்கியின் மரக்கட்டை. திராட்சைக் கொடிக்கு நடுவே பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டு ஓடும் ஒரு மான்.

நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து உன் மகள் பயந்துவிட்டாள். "என்னா மாமா, என்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னத்தைச் சொல்வது? உங்கப்பனும் நானும் சேர்ந்து உங்கம்மாவின் கட்டிலை அறுத்த கதை என்றா? ஒரு தம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் முதலிலிருந்தே சொல்கிறேன். நீதான் எப்போதும் நடுவில் புகுந்து கெடுப்பாய். இப்போது கெடுக்க முடியாது, பார்.

பிரெஞ்சுக்காரன் நம் ஊரை ஆண்ட காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தோ முப்பத்தாறோ, நினைவில்லை. முதலியார்பேட்டையில் நம் பட்டறைகள் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இந்தப் பக்கம் என் உளிகள், அந்தப் பக்கம் உன் அரங்கள். நான் கோயில் கதவுக்கும் வாகனத்துக்கும் மரம் செதுக்கினேன். நீ பெரிய சண்டைக்குப் பட்டாளத்தோடு பிரான்சுக்குப் போய்த் துப்பாக்கி பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு வந்தவன். ஊரில் பழைய துப்பாக்கி வைத்திருந்த பெரிய வீட்டுக்காரர்கள் எல்லோரும் உன்னைத்தான் தேடி வருவார்கள். கட்டை உடைந்திருந்தால் மட்டும் என் பக்கம் திரும்பி, "டேய் ஆசாரி, ஒரு மரவேலை இருக்குது, உன் தரத்துக்குச் சின்னதுதான்" என்பாய். வேலையை நீட்டும்போதே ஒரு குத்து வைக்காவிட்டால் உனக்கு அன்று சோறு இறங்காது.

மதாம் என்று ஊரே மரியாதையாகக் கூப்பிட்ட அந்த அம்மாள் நம் பட்டறைக்கு வந்தது ஆடி மாதக் கடைசியில். வண்டியிலிருந்து இறங்கும்போதே குடையால் தரையைத் தட்டிக்கொண்டு வந்தார். நம் ஊர்த் தமிழ்க் குடும்பம்தான். ஆனால் புருஷனுக்கு சைகோனில் கோர்ட்டு உத்தியோகம், இருபது வருஷம் அங்கேயே வாழ்ந்தவர்கள். பெரியவர் இறந்ததும் ஊர் திரும்பி, பூட்டியிருந்த வீட்டைத் திறந்தால் கரையான் பாதி வீட்டைத் தின்றிருந்தது. அவர் உயிராய் வைத்திருந்த இரண்டு ரைஃபிள்களில் ஒன்று அப்படியே இருந்தது. இன்னொன்றில் இரும்பு மட்டும் மிஞ்சியிருந்தது, கட்டை இருந்த இடத்தில் மண்.

அந்த ரைஃபிள்கள் அவர் காலத்திலேயே கிழடு. குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு இடிக்கிற காலத்தவை. எங்கோ பிரான்சில் ஒருவன் இரட்டைப் பிள்ளைகள்போல் செய்த ஜோடி. கட்டையின் இடப்புறத்தில் சுடுகிறவன் கன்னத்தை வைத்துக்கொள்ள ஒரு சின்ன மேடு, அந்த மேட்டைச் சுற்றித் திராட்சைக் கொடி, கொடிக்குள் மான். பெரியவர் சாகும்போது பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொன்று என்று சொல்லியிருக்கிறார். நல்லதை மூத்தவர் கேட்டார். சின்னவர், "எனக்கு மட்டும் கரையான் தின்னதா?" என்றார். பேச்சு வளர்ந்து, பிறகு பேச்சே நின்றுபோனது. சின்னவர் கோபித்துக்கொண்டு சைகோனுக்கே கப்பலேறிவிட்டார். ஆறு வருஷமாக அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு கடிதம் கிடையாது.

மதாம் அன்று நம் பட்டறை முக்காலியில் உட்கார்ந்து சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "செப்டம்பர் கடைசியில சின்னவன் வர்றான். திரும்பப் போனா நான் அவனைப் பாப்பேனோ மாட்டேனோ. அதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடணும். இந்தத் துப்பாக்கிக்கு அதே மாதிரி கட்டை வேணும். எது பழசு, எது புதுசுன்னு அவனுங்களுக்குத் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது." குடையின் நுனியை என் பக்கம் நீட்டி, "உங்களுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்ச வாய் சும்மா இருக்காது" என்றார்.

என்னைப் பார்த்த மாத்திரத்தில் என்னைப் புரிந்துகொண்டுவிட்டார், அந்த அம்மாள். நீயோ யோசிக்காமல், "செஞ்சித் தர்றோம் மதாம், என் வார்த்தை" என்று மார்பில் கை வைத்துச் சொல்லிவிட்டாய். அந்த மரம் நம் ஊரில் கிடைக்குமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

கிடைக்கவில்லை. அது வெள்ளைக்காரன் சீமையில் வளரும் அக்ரோட்டு மரம். தேக்கில் செய்தால் ரேகை வேறு, நூக்கு மரமோ கனம், பூவரசு நல்ல மரம்தான் என்றாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். பழைய சாமான் ஏலங்களுக்குப் போனோம். ஒரு பாதிரிச் சாமியார் வீட்டு அலமாரியைத் தட்டிப் பார்த்தோம், பலகை அரை விரற்கடை கனம்கூட இல்லை. வைத்திக்குப்பத்தில் ஏதோ கப்பல் மரம் ஒதுங்கியிருக்கிறது என்று யாரோ சொல்ல, வெயிலில் ஓடினோம். வலை காய வைக்க அதை நட்டு வைத்திருந்த கிழவர், "இது சவுக்குடா, நேத்து நான்தான் வெட்டினேன்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நீ வாய் திறக்கவில்லை. நீ வாய் திறக்காமல் நடந்தால் ஏதோ விபரீதம் வரப்போகிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் தோளில் ஒரு நீளச் சட்டத்தோடு வந்தாய். ஆறடி நீளம், ஒரு சாண் அகலம், நல்ல கனம். இழைப்புளியால் ஒரு இழுப்பு இழுத்தேன். சுருண்டு வந்த சீவலைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாட்சாத் அக்ரோட்டு மரம். "எங்கேடா கெடச்சிது?" என்று கேட்டேன். "கெடச்சிது" என்றாய். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தாய்வீட்டிலிருந்து திரும்பிய உன் பெண்டாட்டி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், பட்டறை வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தனின் ஏலத்தில் நீ கல்யாணத்துக்காக வாங்கிப் போட்ட பிரெஞ்சுக் கட்டில்! அந்தத் தெருவிலேயே யார் வீட்டிலும் இல்லாத கட்டில். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்களாம். அதன் ஒரு பக்கச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் செங்கல் அடுக்கி வைத்திருந்தாய். "ஏங்க, ராத்திரி நான் புரண்டு படுத்தா செங்கல்லுல முட்டிக்கணுமா?" என்று அவள் கேட்டாள். நீ, "இந்தப் பக்கமாப் புரளு" என்றாய். நான் அங்கே இருக்கப்போய் நீ தப்பித்தாய்.

இரும்பை மரத்தில் இறக்கும் வேலையை இருவரும் சேர்ந்துதான் செய்தோம். குழலுக்கும் பூட்டுக்கும் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் அழுத்துவாய். கரி ஒட்டிய இடத்தை மட்டும் நான் சுரண்டுவேன். மறுபடி அழுத்தல், மறுபடி சுரண்டல். முடி நுழைய இடமில்லாமல் உட்காரும்வரை. நம் இருவர் மூஞ்சியும் கரியாகி, ஒருநாள் எட்டிப் பார்த்த மதாம் யார் யார் என்று தெரியாமல் உன்னை ஆசாரி என்று கூப்பிட்டார். உனக்கு என்ன கோபம்!

அது முடிந்ததும் நீ வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து போனாய். "மானும் கொடியும் உன் பாடு. ஜோடி மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். சொன்னது நீ. அதை மறந்துவிடாதே.

ஜோடி என்றால் என்ன? எனக்குத் தெரிந்த ஜோடி கதவு ஜோடி. இடக்கதவில் கிளி வலப்பக்கம் பார்த்தால், வலக்கதவில் கிளி இடப்பக்கம் பார்க்கும். யாளி என்றாலும் துவாரபாலகர் என்றாலும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதுதான் ஜோடி. இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் கோயில் தர்மகர்த்தா உளியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். என் அப்பனும் அப்படித்தான் செதுக்கினான், அவன் அப்பனும் அப்படித்தான். பழைய கட்டையை இந்தப் பக்கம் படுக்க வைத்து, புதியதை அந்தப் பக்கம் படுக்க வைத்து, பன்னிரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் செதுக்கினேன். அந்த மானின் காதைப் பற்றி நானே சொல்லக் கூடாது. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அசைவதுபோல் இருந்தது.

நீ மொட்டைத் தலையும் வெடித்த காலுமாகத் திரும்பி வந்தாய். இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டு மான்களும் ஒன்றையொன்று பார்த்தன. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. நீ புதியதை எடுத்துத் தோளில் வைத்தாய். கன்னத்தைச் சாய்த்தாய். கன்னம் சாயச் சாய மேட்டைக் காணவில்லை. அது அந்தப் பக்கம் இருந்தது. தலையை நிமிர்த்தி, கட்டையைத் திருப்பிப் பார்த்து, என்னைப் பார்த்தாய்.

"ஏன்டா ஆசாரி, இது என்னா கோயில் கதவா?"

 பன்னிரண்டு நாள் வேலை, ஒரே ஒரு சட்டம், சின்னவர் வரும் கப்பலுக்கு இன்னும் பதினெட்டு நாள். இதைக் குருடனுக்குக் கொடுத்தாலும் தடவிப் பார்த்து எது புதுசு என்று சொல்லிவிடுவான். நீ திட்டுவாய் என்று நின்றேன். நீ பெஞ்சில் கை ஊன்றி, குனிந்து, தோள் குலுங்க நின்றாய். அழுகிறாய் என்று நினைத்து உன் முதுகைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாய். "வேளாங்கண்ணி மாதாவே, இவனை எனக்கு ஏன் கொடுத்தே?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகவே உன்னை எனக்கு அவ்வளவு பிடிக்கும், இதை உன் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொன்னதில்லை.

சிரித்து முடித்த பிறகுதான் மிச்சமிருந்த நாள்களை விரல் விட்டு எண்ணினேன். மதாமிடம் போய் முடியவில்லை என்று சொல்ல வேண்டியதுதான் என்றேன். நீ தலையில் கை வைத்து உட்கார்ந்தாய். வீட்டுக்குப் போய் என்ன சொன்னாயோ தெரியாது. மறுநாள் விடியும்போது தங்கச்சியே வந்தாள். தலையில் சும்மாடு கூட இல்லாமல், அந்த இன்னொரு சட்டத்தைச் சுமந்துகொண்டு.

"இந்தாங்கண்ணே. அந்த அம்மா ரெண்டு புள்ளையையும் ஒண்ணா உக்கார வெச்சி சோறு போடணும்னுதானே கேக்குது? எங்களுக்குப் பாய் இருக்குது." சட்டத்தை இறக்கிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதையும் திருப்பி செதுக்கினீங்க, அடுத்தது எங்க வீட்டுக் கதவுதான். அதை எப்படி வேணா செதுக்கிக்குங்க."

அந்தக் கோயில்கதவு மானை நீ எடுத்து எங்கோ ஒளித்து வைத்துவிட்டாய்.  அன்றே ஆரம்பித்தேன். இந்த முறை பழைய கட்டையின் பக்கத்தில் கரியால் பெரிதாக ஒரு மான் வரைந்து, அது பார்க்கும் திசையில் பட்டறைச் சுவரில் ஓர் அம்பும் போட்டாய். வருகிறவன் போகிறவன் எல்லாம் அந்த அம்பு எதற்கு என்று கேட்டான். நீ எல்லோருக்கும் விளக்கமாகச் சொன்னாய்.

பதினான்காம் நாள் வேலை முடிந்தது. பழைய கட்டையையும் மேலாகச் சுரண்டி அதன் அழுக்கை எடுத்தோம். இரண்டுக்கும் ஒரே தேயிலைச் சாயம், ஒரே கரி, ஒரே எண்ணெய். அப்புறம் நீ ஒரு காரியம் செய்தாய். தங்கச்சியைக் கூப்பிட்டு, "ரெண்டையும் எடுத்துட்டுப் போய் வீட்டுல மாத்தி மாத்தி வெச்சி, கலைச்சிக் கொண்டாந்து குடு. எங்க ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாதுன்னு மதாம் சொல்லிட்டாங்க" என்றாய். நான் உளியைத் துடைத்துக்கொண்டே, "உனக்கு இரும்புதான் தெரியும். நீ குழம்பலாம். என் உளி போன எடம் எனக்குத் தெரியாதா?" என்றேன். "தெரிஞ்சா வாயில வெச்சித் தெச்சிக்கோ" என்றாய். அவள் கொண்டுவந்து கொடுத்ததும் ஒன்றுபோலத் துலக்கி வைத்திருந்த இரும்புகளை நீ கைக்கு வந்தபடி எடுத்து மாட்டினாய். பழசாகத் தெரிய வேண்டும் என்று உன் சாவிக்கொத்தால் இரண்டிலும் அங்கங்கே கீறல் வேறு போட்டாய். நான் என் பிள்ளையை அடிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மதாம் வீட்டுக் கூடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வியர்க்கிறது. மூத்தவர் ஜன்னலோரம், சின்னவர் எதிர்க்கோடியில். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. "அவன்கிட்ட சொல்லுங்க மம்மா, முதல்ல அவனே எடுத்துக்கட்டும்னு." "வேணாம் மம்மா, பெரியவங்களே எடுக்கட்டும்னு சொல்லுங்க." நடுவில் அந்த அம்மாள் தபால்காரர்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தார். 

கடைசியில் மூத்தவர் ஒன்றை எடுத்தார். மிச்சமிருந்ததைச் சின்னவர் எடுத்தார்.  மூத்தவர் கட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இதான் மம்மா பப்பாவோடது! இந்த மான் காதைப் பாருங்க. இந்த ஊர்க்காரன் கையில இது வருமா?"

"சும்மா இருங்க!" என்றார் சின்னவர். நேராக அண்ணனைப் பார்த்து. "பப்பாவோடது இது. இந்தக் கீறலைப் பாருங்க. செஞ்சி மலையில பப்பா வழுக்கி விழுந்தாரே, நானும் கூடத்தானே இருந்தேன்? பாறையில உரசினது!"

உன் சாவிக்கொத்து! நீ திரும்பிக்கொண்டு இருமினாய். உன் முதுகு குலுங்கியதை நான் பார்க்காமலிருக்கத் தரையைப் பார்த்தேன்.

"உனக்கு அப்ப ஏழு வயசுடா, உனக்கு என்னா தெரியும்?" என்றார் மூத்தவர். "உங்களுக்கு என்னா தெரியும், நீங்கதான் ஜுரம்னு வீட்டுல படுத்துட்டீங்களே!" "ஜுரமா? பப்பா உன்னை மட்டும் கூட்டிட்டுப் போனார்னு அழுதுட்டுப் படுத்திருந்தேன்டா!" சின்னவர் கையிலிருந்த துப்பாக்கியைத் தாழ்த்தினார். "அது எனக்குத் தெரியாதே" என்றார். மதாம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு, வாயில் சிரிப்போடு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு அப்புறம் பிள்ளைகள் அவர் காது கேட்கச் சண்டை போடுகிறார்கள்.

அப்போதுதான் மூத்தவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு ஆசாரி. நீதானே செஞ்சே. எது உன்னுது?"

உன் செருப்புக் கால் என் பெருவிரலை நசுக்கியது. மதாமின் பார்வை என் வாயில் இருந்தது. நான் இரண்டு மான்களையும் பார்த்தேன். ஒன்றைப் பார்த்தேன், மற்றதைப் பார்த்தேன், மறுபடி முதலாவதைப் பார்த்தேன். "தெரியல முஸ்யே" என்றேன்.

அவ்வளவுதான். அவரவர் துப்பாக்கியை அவரவர் விடவில்லை. இருவரும் அப்பாவுடையதையே எடுத்துக்கொண்டார்கள். மேசையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. நாம் வெளியே வந்தோம். கடற்கரை வரை நடந்தோம். பிறகு என் தோளில் கை போட்டு, "உன் வேலையை ஒருத்தன் அப்படிப் புகழ்றான், நீ வாயைக் கட்டிக்கிட்டு நின்னியே. பெரிய மனுஷன்டா நீ" என்றாய். என் முகத்துக்கு நேரே நீ என்னைப் புகழ்ந்தது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

அதை நீ ஊரெல்லாம் சொன்னாய். உங்களுக்கு நான் பூவரசில் செய்துகொடுத்த புதுக்கட்டிலில் உன் மகள் பிறந்தபோது, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாய். அந்தப் பெயரைக் காப்பாற்ற நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பீற்றிக்கொள்ள நாக்கு நுனி வரை வரும். 'வாயைக் கட்டினவன்' என்று நீ சொன்னது குறுக்கே நிற்கும், விழுங்கிவிடுவேன். விழுங்கி விழுங்கி அதுவே பழக்கமாகிவிட்டது. இன்று என்னை அடக்கமானவன் என்கிறார்கள்.

போன வருஷம் நீ படுத்திருந்தபோது, கண்ணைத் திறந்து, "இப்பவாவது சொல்லுடா. உன் மான் மூத்தவர் எடுத்ததா, சின்னவர் எடுத்ததா?" என்று கேட்டாய். "எழுந்து வா, சொல்றேன்" என்றேன். அப்படிச் சொன்னால் நீ எழுந்துவிடுவாய் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

கேட்டுக்கொள். அன்று அந்தக் கூடத்தில் நான் வாயைக் கட்டவில்லை. நீ என் காலை மிதித்தது வீண். அந்த இரண்டு மான்களில் நான் செதுக்கியது எது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை, நண்பா. இன்றுவரை தெரியாது.